ஒரே பிளைவுட் தொட்டிக்கு மூன்று முகப்புகள்: பாலிகார்பனேட், அக்ரிலிக், கண்ணாடி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். வீட்டில் நாமே செய்யும் மீன் தொட்டி, ஆழம் 60 செ.மீ-க்குள், நேரான செவ்வக முகப்பு என்றால் சாதாரண ஃப்ளோட் கண்ணாடியை, அதாவது ஜன்னலுக்குப் போடுகிற தட்டைக் கண்ணாடியை, வாங்குங்கள். டஃப்பண்டு (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பலமேற்றியது) வேண்டாம், லேமினேட்டட் (இரண்டு தகடுகளை நடுவில் படலம் வைத்து ஒட்டியது) வேண்டாம், ஓரம் நன்றாகத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் வகைகள். அக்ரிலிக் மோசமான பொருள் இல்லை, ஆனால் அதற்குரிய தடிமனில், அதற்குரிய வகையில் வாங்க முடிந்தால் மட்டும். பாலிகார்பனேட்டை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

இதை நான் படித்துவிட்டுச் சொல்லவில்லை. ஒரே பெட்டியில் இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, முதல் இரண்டையும் கழற்றிய பிறகு சொல்கிறேன்.

பெட்டி உள்ளளவில் 120 செ.மீ நீளம், 60 அகலம், 60 உயரம். 18 மி.மீ பிளைவுட், உள்ளே எபாக்ஸி பூச்சு. முன்பக்கத்தில் 110-க்கு 50 என்று ஒரு ஜன்னல் வெட்டியிருக்கிறேன். முகப்புத் தகடு ஜன்னலைவிடப் பெரியது, 118-க்கு 58. அது உள்ளேயிருந்து ஜன்னல் சட்டத்தின் மேல் சிலிக்கான் பசை மெத்தையில் உட்காருகிறது. தண்ணீர் தள்ளத் தள்ளத் தகடு சட்டத்தோடு இறுகும். வெளியிலிருந்து ஒட்டினால் அதே தண்ணீர் தகட்டைப் பிடுங்கி எறியப் பார்க்கும், அப்போது எல்லாப் பாரமும் பசையின் மேல்தான். என்ன பொருளைப் போட்டாலும் இந்த ஒரு விஷயத்தை மாற்றாதீர்கள்.

தண்ணீர் எவ்வளவு தள்ளும் என்பதைப் பலர் குறைவாகவே நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 58 செ.மீ தண்ணீர் நின்றால் அடிமட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 580 கிலோ அழுத்தம். மேலே பூஜ்யம், கீழே 580, சராசரி 290. இந்தத் தகட்டின் பரப்பில் கணக்குப் போட்டால் மொத்தம் ஏறக்குறைய 200 கிலோ. இரண்டு மூன்று பெரியவர்கள் அந்தத் தகட்டின் மேல் இரவும் பகலும் வருடக்கணக்கில் இறங்காமல் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொன்று, தொட்டி முன்னிருந்து பின்னுக்கு எவ்வளவு அகலம் என்பது முகப்புக்கு ஒரு பொருட்டே இல்லை. 20 செ.மீ அகலத் தொட்டியிலும் 2 மீட்டர் அகலத் தொட்டியிலும் ஆழம் ஒன்றென்றால் முகப்பின் மேல் அழுத்தமும் ஒன்றுதான். "சின்னத் தொட்டிதானே, மெல்லிய தகடு போதும்" என்பவர்கள் லிட்டரைப் பார்க்காமல் ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் போட்டது 10 மி.மீ பாலிகார்பனேட். கலவரத் தடுப்புக் கேடயம் செய்கிற பொருள், சுத்தியலால் அடித்தாலும் உடையாது, குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பு என்ன இருக்க முடியும் என்று நினைத்தேன். உடையவில்லை, அது உண்மை. ஆனால் தண்ணீர் நிரம்பிய முதல் வாரத்திலேயே நடுப்பகுதி ஏறக்குறைய ஒரு செ.மீ வெளியே பிதுங்கி நின்றது. இரண்டு ஓரத்திலும் ஒரே தடிமனுள்ள கட்டைகளை வைத்து, நூலை இழுத்துக் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்தேன், கண்ணுக்குத் தெரிந்தது சரிதான். தகடு அப்படி வளையும்போது சட்டத்தின் மேல் படிந்திருக்கிற ஓரங்கள் லேசாகத் திரும்புகின்றன, சிலிக்கானை ஒரு பக்கம் நசுக்கி மறுபக்கம் இழுக்கின்றன. பத்தாவது நாள் கீழ்மூலையில் ஈரம் கசிந்தது. மீன்கள் அப்போது உள்ளே இல்லை, நல்லவேளை.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. உடையாத பொருள் வேறு, வளையாத பொருள் வேறு. மீன் தொட்டியின் முகப்பை யாரும் சுத்தியலால் அடிக்கப் போவதில்லை, அது தினமும் செய்கிற வேலை வளையாமல் நிற்பது. கண்ணாடியின் விறைப்பை 70 என்று வைத்தால் அக்ரிலிக் 3, பாலிகார்பனேட் இரண்டேகால். இது ஜிகாபாஸ்கல் கணக்கு, அலகை மறந்துவிட்டு விகிதத்தை மட்டும் பாருங்கள். ஒரே தடிமனில் கண்ணாடி வளைவதைப் போல 20, 30 மடங்கு இவை வளையும். போதாததற்குப் பாலிகார்பனேட் எளிதில் கீறும், புறஊதாத் தடுப்புப் பூச்சு இல்லையென்றால் வெளிச்சத்தில் மஞ்சளாகும், அமோனியாவும் காரமும் கலந்த துப்புரவுத் திரவங்களைத் தாங்காது. கூரைக்கு அது அருமையான பொருள், இப்போது என் வீட்டில் அது அந்த வேலையைத்தான் செய்கிறது.

அடுத்தது அக்ரிலிக். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதில் ஆசை வைப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. உலகத்தின் பெரிய காட்சித் தொட்டிகளெல்லாம் அக்ரிலிக்தான். ஜப்பானின் ஒகினாவாவில் 2002-ல் திறந்த சுராவுமி அக்வாரியத்தின் பெரிய தொட்டி 7,500 டன் தண்ணீர் கொண்டது, அதன் முகப்பு 22.5 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் உயரம், 60 செ.மீ தடிமன். அந்தத் தடிமனில் கண்ணாடி போட்டால் பச்சைச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அக்ரிலிக்கில் நிறமே ஏறாது. ஒளி ஏறக்குறைய 92 சதவீதம் கடந்து வருகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, அக்ரிலிக்கின் எண் 1.49, கண்ணாடி 1.52. அக்ரிலிக் தண்ணீருக்குக் கொஞ்சம் நெருக்கம். எடையும் கண்ணாடியில் பாதிக்குக் குறைவு. வளைக்கலாம், துளை போடலாம், துண்டுகளைச் சேர்த்து ஒட்டினால் ஒட்டு தெரியாமல் செய்யலாம், கீறினால் மெருகேற்றலாம். இவ்வளவு நல்ல குணங்கள் உள்ள பொருள்.

நான் வாங்கியது 12 மி.மீ. அதுதான் முதல் தவறு. கண்ணாடிக் கணக்கை அப்படியே அக்ரிலிக்குக்குத் தூக்கி வைத்துவிட்டேன். ஒரே அளவு விறைப்பு வேண்டுமென்றால் கண்ணாடியைப் போல 2.8 மடங்கு தடிமன் வேண்டும், அதாவது 12 மி.மீ கண்ணாடிக்குச் சமம் 33, 34 மி.மீ. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, அக்ரிலிக் சற்று வளைவதால் உடைந்துவிடாது. ஆனால் இந்த அளவு ஜன்னலுக்கு 20 மி.மீ-க்குக் கீழே போகக் கூடாது என்பது இப்போது என் திடமான கருத்து. 12 மி.மீ தகடு முதல் நாளே 4 மி.மீ பிதுங்கியது. சரி, இதோடு நிற்கும் என்று நினைத்தேன். நான்கு மாதம் கழித்து அளந்தால் 6 தாண்டி இருந்தது. பாரம் அதே பாரம், தகடு மட்டும் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்துக்கொண்டே போனது. பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு, நீண்ட நாள் பாரத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் கண்ணாடி அப்படி நகராது.

இரண்டாவது தவறு, வகை கேட்காதது. அக்ரிலிக் ஷீட்டில் வார்த்தது, எக்ஸ்ட்ரூட் செய்தது என்று இரண்டு உண்டு. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஊற்றி இறுக வைப்பது வார்ப்பு. உருக்கி அச்சு வழியாகத் தள்ளி எடுப்பது எக்ஸ்ட்ரூட், விலை குறைவு, தடிமன் சீராக வரும், ஆனால் மூலக்கூறுகள் குட்டையானவை, உள்ளே இழுவிசையும் தங்கியிருக்கும். பசையோ ஆல்கஹாலோ பட்டால் சிலந்தி வலை போல மயிரிழை விரிசல் விடுவது எக்ஸ்ட்ரூட்தான் அதிகம். கடையில் "அக்ரிலிக்" என்று மட்டும் சொன்னார்கள், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அறுக்கும்போது தூள் காய்ந்த சீவலாக வந்தால் பெரும்பாலும் வார்த்தது, உருகிப் பல்லில் அப்பிக்கொண்டால் எக்ஸ்ட்ரூட். என்னுடையது அப்பியது. அந்த நேரத்தில் பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு எச்சரிக்கையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். படச் சட்டத்துக்குப் போடுகிற பாலிஸ்டைரீன் ஷீட்டையும் சில இடங்களில் அக்ரிலிக் என்றே கொடுக்கிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒரு சின்னத் துண்டைத் திறந்த வெளியில் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அக்ரிலிக் பழவாசனையோடு சுத்தமாக எரியும், பாலிஸ்டைரீன் கரும்புகையும் புகைக்கரித் துகளுமாக எரியும். அது சட்டென்று நொறுங்கக்கூடிய பொருள், தொட்டிக்கு ஆகவே ஆகாது.

ஏழாவது மாதம் அக்ரிலிக் தொட்டியில் மேல்மூலை ஒட்டு விட்டது. சிலிக்கானுக்கும் அக்ரிலிக்குக்கும் இயல்பிலேயே ஒத்துப்போகாது. கண்ணாடியில் பிடிக்கிற பிடி அக்ரிலிக்கில் கிடையாது, நகத்தால் நெம்பினால் நீளமாக உரிந்து வருகிறது. அதோடு அக்ரிலிக் சூட்டில் விரிவது கண்ணாடியைப் போல ஏழெட்டு மடங்கு. 10 டிகிரி மாறினால் இந்த நீளத்துக்கு முக்கால் மி.மீ-க்கு மேல் நீளும், கண்ணாடி அதே மாற்றத்துக்குப் பத்தில் ஒரு மி.மீ சொச்சம்தான். தண்ணீரையும் அது கொஞ்சம் குடித்து ஊதும். பிடிப்பு இல்லாத பசை, நகர்ந்துகொண்டே இருக்கிற தகடு, எத்தனை நாள் தாங்கும்?

மீன்களை டப்புக்கு மாற்றி, தண்ணீரை இறக்கி, மூன்று வாரம் அப்படியே விட்டேன். மறுபடி ஒட்டுவதற்கு முன் ஓரத்தில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஸ்பிரிட்டால் துடைத்தேன். அடுத்த நாள் காலை பார்த்தால் துடைத்த இடமெல்லாம் மயிரிழை விரிசல். ஆல்கஹால், அசிட்டோன், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் இவை எதையும் அக்ரிலிக் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதை அன்று கற்றேன். தண்ணீரைக் குடித்து ஊதிய உள்பக்கம் காலியாக இருந்தபோது காய்ந்து சுருங்கி ஏற்கெனவே இழுபட்டுக்கொண்டிருந்தது, ஸ்பிரிட் அதைத் திறந்துவிட்டது. காய்ந்துபோவது பெரிய தொட்டிகளிலும் கவலைக்குரிய விஷயம்தான். பெர்லினில் ஒரு ஹோட்டலுக்குள் இருந்த அக்வாடோம் என்ற பிரம்மாண்ட அக்ரிலிக் உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்து, 10 லட்சம் லிட்டர் தண்ணீரும் சுமார் 1,500 மீன்களும் வெளியே கொட்டின. ஆராய்ந்தவர்கள் அடுக்கிய சாத்தியங்களில் ஒட்டு விட்டுப்போனதும் உண்டு, 2020-ல் பழுதுபார்க்கத் தண்ணீரை இறக்கியபோது அக்ரிலிக் காய்ந்துபோனதும் உண்டு. எது காரணம் என்று உறுதியாக நிறுவ முடியவில்லை. அக்ரிலிக் தொட்டி வைத்திருப்பவர்கள் அதை நெடுநாள் காலியாக விடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கீறலையும் சொல்லாமல் விட முடியாது. பாசி துடைக்கிற காந்தத்துக்கு நடுவே ஒரே ஒரு மணல் துகள் மாட்டியது, குறுக்கே ஒரு முழ நீளத்துக்குக் கோடு. கண்ணாடியில் அதே மணல் அதே வேலையைச் செய்யும்தான், ஆனால் இவ்வளவு சுலபமாகச் செய்யாது. கடல்நீர்த் தொட்டி வைக்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம், கல் போல ஒட்டுகிற கோரலைன் பாசியைச் சுரண்ட பிளேடு இல்லாமல் முடியாது, அக்ரிலிக்கில் உலோக பிளேடு வைக்க முடியாது.

மூன்றாவதாக 12 மி.மீ ஃப்ளோட் கண்ணாடி. உருகிய தகரத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு இழுப்பதால் அந்தப் பெயர், பில்கிங்டன் 1959-ல் அறிவித்த முறை, இன்று ஜன்னலில் பார்க்கிற தட்டைக் கண்ணாடி பெரும்பாலும் இதுதான். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நூல் கட்டி அளந்தால் வளைவு என்று சொல்ல எதுவும் இல்லை, கணக்கில் கால் மி.மீ-கூட வராது. சிலிக்கான் அப்படியே கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருக்கிறது. பிளேடு வைத்துப் பாசியைச் சுரண்டுகிறேன், எந்தத் துடைப்பான் பட்டாலும் கவலையில்லை, மீனுக்கும் அதிலிருந்து எதுவும் கரையாது.

தடிமனுக்கு மீன் வளர்ப்பவர்கள் வழக்கமாகப் பிடிக்கும் கணக்கு, கண்ணாடியின் இழுவிசைத் தாங்குதிறனைச் சதுர மி.மீ-க்கு 19.2 நியூட்டன் என்று எடுத்து அதை 3.8-ஆல் வகுப்பது. ஏன் இவ்வளவு தாராளம் என்று தோன்றலாம். கண்ணாடி நீண்ட நாள் பாரத்தில், அதுவும் ஈரத்தில், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மெல்ல வளர்ந்து பலம் குறையும். ஒரு மணி நேரம் தாங்கிய பாரத்தை அது பத்து வருடம் தாங்கும் என்று நம்பக் கூடாது. அந்தக் கணக்கில் மேல்பக்கம் சட்டமே இல்லாத முழுக் கண்ணாடித் தொட்டிக்கு, 120-க்கு 60 முகப்பு என்றால், 12 மி.மீ வருகிறது. நான்கு பக்கமும் சட்டம் தாங்குகிற என் ஜன்னலுக்கு 10 மி.மீ-யே போதும். நான் 12 போட்டேன், அந்த 2 மி.மீ நிம்மதிக்காக.

குறைகள் இல்லாமல் இல்லை. எடை 20 கிலோவுக்கு மேல், தனியாக ஒருவர் பெட்டிக்குள் இறக்க முடியாது, இரண்டு பேர் உறிஞ்சுபிடி வைத்து இறக்கினோம். பச்சைச் சாயல் தெரிகிறது, வெள்ளை மீன்களில் நன்றாகவே தெரிகிறது. இரும்பு குறைந்த கண்ணாடி வாங்கினால் இது போய்விடும், பணம் இருந்தால் தயங்காமல் அதை வாங்குங்கள். ஓரம் வெட்டுகிறபோது சில்லு பெயர்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கண்ணாடியில் விரிசல் அங்கேதான் தொடங்கும். சட்டம் தட்டையாக இல்லாவிட்டாலும் ஆபத்து. கண்ணாடி மேடுபள்ளத்துக்கு வளைந்துகொடுக்காது. 3 மி.மீ சின்னத் துண்டுகளைச் சுற்றிலும் வைத்து, சிலிக்கான் மெத்தை எல்லா இடத்திலும் அந்த அளவுக்காவது இருக்கும்படி செய்தேன், அரை இறுகலில் துண்டுகளை உருவிவிட்டு ஓட்டைகளை அடைத்தேன்.

"டஃப்பண்டு கிளாஸ் நாலைந்து மடங்கு பலமாயிற்றே, அதைப் போட்டால் என்ன?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். பலம் உண்மைதான். ஆனால் விறைப்பு சாதாரணக் கண்ணாடி அளவுதான், அதனால் மெல்லியதாகப் போட்டால் அதே மெல்லிய சாதாரணக் கண்ணாடி வளைகிற அளவுக்கு இதுவும் வளையும். உடைகிற விதம்தான் பெரிய பிரச்சினை. சாதாரணக் கண்ணாடியில் பெரும்பாலும் ஒரு விரிசல் ஓடும், தண்ணீர் கசியும், வாளியும் டப்பும் எடுக்க நேரம் கிடைக்கும். டஃப்பண்டு உடைந்தால் ஒரு நொடியில் மொத்தத் தகடும் பொடிக்கற்கள், 400 லிட்டரும் தரையில். ஓரத்தில் ஒரு சின்ன அடி போதும், சில சமயம் உள்ளே மாட்டிய நிக்கல் சல்பைடு துகளால் யாரும் தொடாமலே வெடிக்கும். என் நண்பர் ஒருவர் பழைய மேஜைக் கண்ணாடியை எடுத்துத் தொட்டி செய்தார், டஃப்பண்டு என்று அவருக்குத் தெரியாது, நள்ளிரவில் போனது, ஒரு மீனைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. பழைய கண்ணாடியை எடுப்பதற்கு முன் மூலையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும், கணினித் திரையை வெள்ளையாக எரியவிட்டு, அதன் முன் கண்ணாடியைப் பிடித்து, போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். புள்ளிகளோ பட்டைகளோ நிழலாடினால் டஃப்பண்டு. அதை வெட்டவோ துளைக்கவோ முயலாதீர்கள்.

லேமினேட்டட் கண்ணாடியில் ஒரு நல்லது, ஒரு அடுக்கு உடைந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். ஆனால் 6-ம் 6-ம் சேர்ந்தால் 12 ஆகாது. நடுவில் இருக்கும் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் நீண்ட நாள் பாரத்தில் வழுக்கிக் கொடுக்கும், இரண்டு தகடுகளும் தனித்தனியாக வளையத் தொடங்கும், கடைசியில் ஒரே 12 மி.மீ-யின் விறைப்பில் கால்வாசிதான் மிஞ்சும். ஓரத்தில் ஈரம் ஏறினால் படலம் வெள்ளையாகப் பூத்துவிடும், தொட்டிக்குள் ஓரம் முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கிறது. கம்பி வைத்த கண்ணாடி இன்னும் மோசம், கம்பி பலம் கூட்டுவதில்லை, குறைக்கிறது, துருவும் பிடிக்கும்.

சிலிக்கான் பற்றி ஒரு வார்த்தை. புளிக்காடி வாசனை வரும் அசிட்டாக்ஸி வகை கண்ணாடிக்குச் சரி. ட்யூபில் பூஞ்சைத் தடுப்பு என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள், குளியலறைக்கான அந்த மருந்து மீனுக்கு விஷம். ஒரு வாரம் முழுதாகக் காய விடுங்கள், வாசனை சுத்தமாகப் போக வேண்டும்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. நான் முதல் நாள் 20 செ.மீ, அடுத்த நாள் 40, மூன்றாம் நாள் முழுசு என்று ஏற்றினேன், ஒவ்வொரு முறையும் நூல் கட்டி அளந்து சுவரில் பென்சிலால் குறித்தேன், ஜன்னலின் கீழ்விளிம்பு நெடுக உலர்ந்த செய்தித்தாள் துண்டுகளைச் செருகி வைத்தேன், ஒரு சொட்டு வந்தாலும் தாளில் தெரிந்துவிடும். இரண்டு வாரம் தாள் காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் ஏஞ்சல் மீன்களை டப்பிலிருந்து மாற்றினேன். அந்தப் பென்சில் குறிகள் இன்னும் சுவரில் இருக்கின்றன, மாதம் ஒரு தடவை நூலைக் கட்டிப் பார்க்கிறேன்.